மழலைக்குச் செவிகொடுப்போம்

புத்தூர், நவக்கிரி, ஆவரங்கால், வாதரவத்தை போன்ற எமது ஊர்களில் நான்கு தாய்மார் ஓரிடத்தில் கூடினால் பேச்சு பெரும்பாலும் கவலையில்தான் தொடங்கும். வெங்காய விலை, மழை, சங்கக் கடன், பிள்ளைகளின் ரியூசன் என்று அது நீளும். ஆனால் அவர்களில் ஒருவர், “எங்கடை சின்னவன் நேற்று என்ன சொன்னவன் தெரியுமே?” என்று தொடங்கிவிட்டால் எல்லோர் முகமும் மாறிவிடுகின்றது. அவர் சொல்லி முடிக்குமுன் அடுத்தவர் தம் பிள்ளையின் கதையைத் தொடங்கிவிடுவார். சிறிது நேரத்துக்கு விலைவாசியும் கடனும் மறந்துபோகும்.

செலவில்லாமல் கிடைக்கும் இந்த மகிழ்ச்சியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. “சின்னப்பிள்ளை ஏதோ சொல்லுது” என்று சிரித்துவிட்டு மறந்துவிடுகின்றோம். உண்மையில், சிரிப்பை வரவழைக்கும் அந்தச் சொற்களுக்குள் பிள்ளையின் சிந்தனை வேலை செய்துகொண்டிருக்கின்றது. அதைக் கேட்டு நாம் அடையும் மகிழ்ச்சிதான் அந்தச் சிந்தனைக்கு உரம். இதை விளங்கிக்கொண்டால் ஒரு சதமும் செலவின்றி எமது பிள்ளைகளின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவலாம்.

முன்னோர் கண்ட இன்பம்

தமிழர்களாகிய எமக்கு இந்த மகிழ்ச்சி புதியதன்று. சங்ககாலப் பாண்டிய மன்னன் அறிவுடைநம்பி பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் 188ஆம் பாடலாக உள்ளது. போரையும் கொடையையும் பாடும் அந்தத் தொகுப்பில் அரசன் ஒருவன் தன் பந்தியில் நடக்கும் குழப்படியைப் பாடுகின்றான். குறுகக் குறுக நடந்து வரும் குழந்தை சின்னக் கையை நீட்டி, நெய்ச் சோற்றைத் தொட்டு, வாயில் கவ்வி, துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கின்றது. எத்தனை செல்வம் இருந்தாலும் இதற்கு ஈடில்லை என்பது அவன் கருத்து. எமது வீட்டில் இதே காரியம் நடந்தால் “சோத்தை வீணாக்காதை” என்ற அதட்டல்தான் முதலில் எழும்.

திருவள்ளுவர் மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் மூன்று குறள்களை இந்த இன்பத்துக்கே ஒதுக்கியுள்ளார். பிள்ளையின் சிறுகை அளாவிய கூழ், பிள்ளையின் தொடுகை, பிள்ளையின் மழலை ஆகியன பற்றியவை அவை. அதிகாரத்தின் ஒழுங்கைச் சற்றுக் கவனிப்போம். மகனை அவையில் முந்தியிருக்கச் செய்யவேண்டிய தந்தையின் கடமை இம்மூன்று குறள்களுக்கும் பின்னரே வருகின்றது. முதலில் இன்பம், பிறகு கடமை. நாமோ இந்த ஒழுங்கை மாற்றிவிட்டோம். பிள்ளைக்கு மூன்று வயதாகும்போதே தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை எம் கண்முன் வந்து நிற்கின்றது. மழலையைக் கேட்டு மகிழ நேரமின்றி, எழுத்தைப் பிழையின்றி எழுதவில்லையே என்று கவலைப்படுகின்றோம்.

பிள்ளைத்தமிழ் என்றொரு இலக்கிய வகையே எம்மிடம் உண்டு. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழ் 12ஆம் நூற்றாண்டிலும், குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் 17ஆம் நூற்றாண்டிலும் எழுந்தவை. இவ்வகை நூல் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கும். கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. தாலாட்டுக் கேட்பது தால். இரு கையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. பின்னர் முத்தம், தளர்நடையிட்டு வரும் வருகை, நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி என்று அது தொடரும். இன்று குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து, “தலையை நிமிர்த்துகிறதா, கை தட்டுகிறதா, நடக்கிறதா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் ஒழுங்கும் ஏறத்தாழ இதுவே. எம் புலவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து குழந்தையைக் கூர்ந்து பார்த்திருக்கின்றார்கள் என்பதற்கு இதுவே சான்று.

யாழ்ப்பாணத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878 - 1953) இந்த மரபைச் சிறுவர்களின் கைக்கே கொண்டுவந்தவர். ஆடிப்பிறப்புக் கூழையும் கொழுக்கட்டையையும், கத்தரித் தோட்டத்து வெருளியையும் சிறுவர் சிரித்துப் பாடும்படி பாட்டாக்கினார். எமது மக்கள் அவரைத் ‘தங்கத் தாத்தா’ என்று அழைத்தது பொருத்தமே.

பிழையா, சிந்தனையா?

பிள்ளை பேசத் தொடங்கும்போது விடும் ‘பிழைகள்’ எம்மைச் சிரிக்க வைக்கின்றன. அவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

ஒன்றரை வயதுப் பிள்ளை ஆட்டைப் பார்த்து ‘மே’ என்று சொல்லப் பழகுகின்றது. மறுநாள் நாயையும் மாட்டையும் பார்த்து ‘மே’ என்கின்றது. சேட்டும் சாரமும் அணிந்து சைக்கிளில் போகும் எவரும் ‘அப்பா’ ஆகிவிடுகின்றார். நாம் வெள்ளை அங்கியோடு சில வீடுகளுக்குள் நுழையும்போது, அண்மையில் ஊசி போட்டுக்கொண்ட சின்னவர்கள் வீரிட்டு அழுவதுண்டு. வெள்ளை உடுப்பு என்றால் ஊசி! வீட்டார் வெட்கப்பட்டு, “சுவாமியைப் பார்த்து அழக்கூடாது” என்பார்கள். பிள்ளையின் கணக்கில் பிழை ஒன்றுமில்லை. ஒரு முறை கண்டதை வைத்து மறுமுறை என்ன நடக்கும் என்று முடிவுசெய்கின்றது. கையில் இருக்கும் சான்றுகள் குறைவு, அவ்வளவுதான். விஞ்ஞானியும் இப்படித்தான் தொடங்குகின்றார்.

மூன்று வயதளவில் இன்னொரு புதுமை நிகழ்கின்றது. ‘போ’ என்பதிலிருந்து ‘போனான்’ வருமானால் ‘வா’ என்பதிலிருந்து ‘வானான்’ வரவேண்டும் அல்லவா? சில பிள்ளைகள் அப்படியே சொல்லுகின்றார்கள். பாடசாலையில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ‘வந்தான்’ என்பதில் ‘வா’ என்னும் பகுதி குறுகி ‘வ’ ஆனது விகாரம். அதாவது விதியிலிருந்து விலகியது மொழிதான், பிள்ளை அல்ல. ‘வானான்’ என்ற சொல்லை அப்பிள்ளை எவர் வாயிலிருந்தும் கேட்டிருக்க முடியாது. தானே ஒரு விதியைக் கண்டுபிடித்து அதைப் பயன்படுத்துகின்றது.

அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பேர்க்கோ 1958இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. உலகில் இல்லாத ஒரு பிராணியின் படத்தை வரைந்து, அதற்கு ‘வக்’ என்று பெயரிட்டு, நான்கு முதல் ஏழு வயதுவரையான பிள்ளைகளிடம் காட்டினார். இரண்டு இருந்தால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். பெரும்பாலானோர் ஆங்கில விதிப்படி ‘வக்ஸ்’ என்றார்கள். முன்பு கேட்டிராத சொல்லுக்குப் பன்மை சொல்லவேண்டுமானால் விதி மனதில் இருக்கவேண்டும். ஆகவே பிள்ளைகள் கிளிப்பிள்ளைகள் போல எம்மைப் பார்த்துச் சொல்லுகின்றார்கள் என்பது சரியன்று.

பெற்றோர் தம் பிள்ளையைக் கூர்ந்து கவனித்து எழுதிவைத்ததற்குப் புகழ்பெற்ற உதாரணம் சார்ள்ஸ் டார்வின். 1839இல் பிறந்த தம் மூத்த மகன் வில்லியத்தைப் பற்றி அவர் குறிப்பெழுதிவந்தார். அக்குறிப்புகளை வைத்து 1877இல் ‘மைண்ட்’ என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு வயது நிறைந்த அளவில் அப்பிள்ளை உணவுக்கு ‘மம்’ என்று தானே பெயர் வைத்தது. (எம் தாய்மார் பலரும் சோற்றுக்கு ‘மம்மம்’ என்று சொல்வது ஒரு சுவையான ஒற்றுமை.) பின்னர் சீனிக்கு ‘ஷூ-மம்’ என்றது. கறுப்பு என்ற சொல்லை அறிந்ததும் கறுத்த அதிமதுர இனிப்புக்குக் ‘கறுப்பு ஷூ-மம்’ என்று பெயரிட்டது. மூன்று துண்டுகளை ஒட்டி ஒரு புதுச்சொல்! உலகப் புகழ்பெற்ற அறிஞர் ஒருவர் இதை அற்பமென்று ஒதுக்காமல் எழுதிவைத்தார் என்பதே எமக்குப் பாடம்.

பிள்ளை காணும் உலகம்

சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே 1920களில் சிறுவர்களிடம் சூரியன், நிலா, காற்று, கனவு பற்றியெல்லாம் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்ன விடைகளைத் தொகுத்தார். நிலா தங்களோடு கூடவே வருகிறது என்று பல பிள்ளைகள் நம்பினார்கள். இரவில் தகப்பனின் சைக்கிள் முன் பாரில் இருந்து வரும் எமது பிள்ளையும், “அப்பா, நிலாவும் எங்கடை வீட்டுக்கு வருது” என்றுதான் சொல்லுகின்றது. பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் அம்புலியை விளையாட அழைத்தது இந்த மனத்தை அறிந்தே. சிறு பிள்ளைக்கு அசைவதெல்லாம் உயிருள்ளது. தான் தடுக்கி விழுந்த கதவுநிலைக்கு அடி போடச் சொல்லுவதும், அடித்தபின் அதற்கு நொந்திருக்குமோ என்று தடவிக் கொடுப்பதும் இதனாலேயே.

தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளின் சிந்தனை தோட்டத்திலேயே வேர் விடுகின்றது. சின்ன வெங்காயம் ஒன்றை நட்டால் பல வெங்காயம் கிடைக்கும் என்பதைப் பாத்திக் கரையில் இருந்து பார்த்த நாலு வயதுக்காரன் ஒருவன், தனக்குக் கிடைத்த ரொபியைப் பாத்தியில் நட்டுத் தண்ணீரும் விட்டான். தகப்பன் கண்டு சிரித்தார். “ஏன் ராசா ரொபியை நட்டனி?” என்று கேட்டார். “தங்கச்சிக்கும் வேணும். ஒண்டுதானே இருக்கு” என்பது விடை. தகப்பனின் தொழிலை அவன் எவ்வளவு நன்றாக விளங்கியிருக்கின்றான்! எது முளைக்கும், எது முளைக்காது என்பதை மட்டும் இனிமேல் அறியவேண்டும். ஒரு ரொபியையும் ஒரு வெங்காயத்தையும் அருகருகே நட்டுப் பார்த்தால் ஒரு கிழமையில் அதையும் அறிந்துவிடுவான்.

நிலாவரைக் கிணற்றைப் பற்றி எம்மூர்ப் பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லியிருப்பார்கள். இராமபிரான் அம்பெய்து உண்டாக்கியது, அடியே இல்லாதது, அதில் போட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதக்கும் என்பன அக்கதைகள். இதைக் கேட்ட சின்னப்பிள்ளை ஒன்று, “அடி இல்லாட்டி தண்ணி எதிலை நிக்குது?” என்று கேட்டால், “வாயை மூடு, அதிகப்பிரசங்கி” என்பது சரியான விடையாகுமா? அது அருமையான கேள்வி. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் அக்கல்லைக் கரைத்து நிலத்தின்கீழ்ப் பொந்துகளையும் குகைகளையும் உண்டாக்கியுள்ளது. அவற்றில் மழைநீர் தேங்குகின்றது. மேலே நன்னீரும், ஆழத்தில் பாரம்கூடிய உப்புநீரும் நிற்கின்றன. அதனால் மேல்நீர் நல்லதாயிருக்க, கீழே போகப்போக உவர்க்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் மேலேறும் என்ற, எமது தோட்டங்களின் வாழ்வோடு தொடர்புடைய பெரிய உண்மை அந்தச் சின்னக் கேள்விக்குள் இருக்கின்றது. கதையையும் சொல்லுவோம், கேள்விக்கும் இடம் கொடுப்போம்.

சொல்லை அப்படியே பொருள்கொள்வதும் இவ்வயதுக்குரியது. அம்மாவுக்குத் தலையிடி என்றால், “ஆர் இடிச்சது?” என்று கேட்கும். “வாயைப் பொத்து” என்றால் கையால் பொத்திக்கொண்டு விரல்களுக்கிடையால் தொடர்ந்து பேசும். நாளைக்கு, நேற்று என்பன இடம்மாறும். “நாளைக்குப் பெரியம்மா வீட்டை போனனாங்கள்” என்று உறுதியாகச் சொல்லும். காலம் என்பது கண்ணால் காணமுடியாதது. அதைப் பிடித்துக்கொள்ள நான்கைந்து வருடம் எடுப்பதில் வியப்பில்லை.

பிள்ளையும் பகிடி விடும்

இதுவரை கூறியவை பிள்ளை அறியாமலே எம்மைச் சிரிக்கவைப்பவை. ஆனால் பிள்ளை தெரிந்துகொண்டே பகிடி விடுவதும் உண்டு. இதை அழகாக எடுத்துக்காட்டியவர் ரஷ்யச் சிறுவர் எழுத்தாளர் கோர்னெய் சுக்கோவ்ஸ்கி. சிறுபிள்ளைகளின் பேச்சைப் பல்லாண்டுகள் சேகரித்து 1928இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘இரண்டு முதல் ஐந்துவரை’ என்ற பெயரில் 1933 முதல் அது மீண்டும் மீண்டும் அச்சாகியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளின் சொற்களை அவருக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள்.

அவருடைய மகள் மூராவுக்கு இரண்டு வயது நிறையவில்லை. ஒருநாள் அவரிடம் வந்து, கண்ணில் குறும்போடு, நாய் ‘மியாவ்’ என்கிறது என்றாள். நாய் குரைக்கும், பூனைதான் ‘மியாவ்’ என்னும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைத் தலைகீழாக்கி, அப்பா என்ன செய்கிறார் என்று பார்க்கின்றாள். சுக்கோவ்ஸ்கி அவளைத் திருத்தவில்லை. சேவலையும் மற்றப் பிராணிகளையும் வைத்து அதே விளையாட்டைத் தொடர்ந்தார். ஒரு பொருளை உறுதியாக அறிந்தவருக்கே அதைப் புரட்டிப்போட்டுச் சிரிக்க முடியும் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே பிள்ளையின் பகிடி அதன் அறிவுக்கு அடையாளம். மூரா 1931இல், பதினொரு வயதில், காசநோயால் இறந்துபோனாள். அந்தச் சின்னப் பகிடியோ தகப்பனின் நூலில் இன்றும் உயிரோடிருக்கின்றது.

சிரிப்பில் இரு வகை

பிள்ளையோடு சேர்ந்து சிரிப்பது ஒன்று. பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது வேறொன்று. பிள்ளைக்கு இந்த வேறுபாடு மூன்று வயதிலேயே நன்கு விளங்கிவிடுகின்றது.

விருந்தினர் வந்தால், “மாமாவுக்கு அண்டைக்குச் சொன்னதைச் சொல்லிக்காட்டு” என்று பிள்ளையை நடுவிறாந்தையில் நிறுத்துகின்றோம். உள்ளம் திறந்து சொன்ன சொல் இப்போது வித்தையாகிவிடுகின்றது. சில பிள்ளைகள் வெட்கி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும். வேறு சில, கைதட்டுக்காக அதையே திரும்பத் திரும்பச் செய்யும். இரண்டும் நன்மையன்று. இக்காலத்தில் கைத்தொலைபேசி அந்த விறாந்தையை உலகம் முழுவதற்கும் விரித்துவிட்டது. பிள்ளை அழுதுகொண்டு சொன்னதையும், உடுப்பில்லாமல் ஓடியதையும் படம்பிடித்து முகநூலில் ஏற்றுகின்றவர்கள் இருக்கின்றார்கள். ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கும் அம்மம்மாவுக்குப் பேரப்பிள்ளையின் மழலையை அனுப்புவது நல்லதே. முன்பின் அறியாதவர் எல்லோரும் பார்க்கவிடுவது வேறு. பதினைந்து வயதில் அப்பிள்ளை அதைப் பார்க்க நேரிட்டால் என்ன நினைக்கும் என்று யோசித்துச் செய்வோம்.

இன்னொரு நிலைமையும் உண்டு. அது சற்று வேதனையானது. வீட்டில் பெரியவர்கள் பேசுவது எல்லாம் பிள்ளையின் காதில் விழுகின்றது. “நாங்கள் கடனிலை தாண்டுபோனம்” என்று தாய் சொல்ல, “அப்பாவுக்கு நீந்தத் தெரியாதோ?” என்று பிள்ளை கேட்கின்றது. நுண்கடன் அறவிட வந்தவரிடம், “அம்மா இல்லையெண்டு அம்மா சொல்லச் சொன்னவ” என்று மூன்று வயதுப்பிள்ளை சொல்லிவிடுகின்றது. வந்தவர் சிரிக்கின்றார். தாய் கூனிக் குறுகிப்போகின்றார். அவர் போனபின் பிள்ளைக்கு அடி விழுகின்றது. பிள்ளை செய்த குற்றம் என்ன? சொன்னதை அப்படியே சொன்னது மட்டுமே. பொய் சொல்லத் தெரியாத வயதில் உண்மைக்காக அடிவாங்கிய பிள்ளை, அடுத்தமுறை பேசுவதற்கே அஞ்சும். அந்தத் தாயையும் நாம் குற்றஞ்சாட்ட முடியாது. வறுமை அவரை அந்த இடத்தில் நிறுத்தியிருக்கின்றது. ஆயினும் எமது நெருக்கடியின் சுமையைப் பிள்ளையின் நாவில் ஏற்றாதிருப்போம்.

டார்வினின் மகனும் இரண்டே முக்கால் வயதளவில் ஒரு களவு செய்தான். சட்டைமேல் அணிந்த முன்துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டறையிலிருந்து வந்தான். உள்ளே ஊறுகாய்ச் சாற்றின் கறை! திட்டமிட்ட ஏமாற்று என்று தகப்பன் குறித்துக்கொண்டார். ஆனால் நல்லுணர்வைத் தூண்டியே அவனை வளர்த்ததாகவும், விரைவிலேயே அவன் உண்மையும் வெளிப்படையும் உள்ளவனானதாகவும் எழுதியிருக்கின்றார்.

அடங்கிப்போன குரல்கள்

எமது மண்ணில் பிள்ளைகளின் பேச்சை அடக்கியது கண்டிப்பு மாத்திரம் அன்று. யுத்த காலத்தில் பதுங்குகுழிக்குள் இருந்த தாய்மார், “சத்தம் போடாதை” என்று குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, புத்தூர்ப் பகுதி மக்களும் வீடுவாசலை விட்டுப் போனார்கள். அந்நாளில் தகப்பனின் தோளில் இருந்து போன பிள்ளைகள் இன்று முப்பது வயதைக் கடந்த பெற்றோர்கள். பேசுவது ஆபத்து என்று பழக்கப்பட்ட தலைமுறை அது. “எங்களுக்கு ஆர் இப்பிடிக் கதை கேட்டவை?” என்று அவர்களில் சிலர் எம்மிடம் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தமக்குக் கிடைக்காததைத் தம் பிள்ளைக்குக் கொடுக்க அவர்களால் முடியும். அதற்குத் தேவையானது செவி ஒன்றே.

இக்காலத்தில் வேறொரு அமைதி வீடுகளுக்குள் நுழைந்துள்ளது. சோறு தீத்தும்போது பிள்ளையின் கையில் கைத்தொலைபேசி. பிள்ளை குழப்படி செய்வதில்லை, பேசுவதுமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் திரைமுன் இருத்துவது உகந்ததன்று. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது. தொலைபேசி பாடும், ஆடும், ஆனால் பிள்ளை சொன்னதைக் கேட்டுச் சிரிக்காது. பிள்ளை ஒன்று சொல்ல, நாம் ஒன்று சொல்ல, மீண்டும் பிள்ளை சொல்ல என்று பந்து விளையாட்டுப்போல் பேச்சுப் போய்வரும்போதே மொழி வளருகின்றது.

சில பிள்ளைகளுக்கு மழலை பிந்துகின்றது. ஏறக்குறைய ஒரு வயதில் ஓரிரு சொல்லும், இரண்டு வயதளவில் ‘அம்மா வா’, ‘பால் தா’ போல இரு சொல் சேர்த்தும் பேசத்தொடங்குவது வழக்கம். அவ்வாறில்லாதபோது, “ஆம்பிளைப்பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்” என்று காத்திருக்கவேண்டாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கவேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டோடு சென்று சொல்லுங்கள். அவர் உரிய வைத்தியரிடம் அனுப்பிவைப்பார். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பேச்சு வராத பிள்ளையும் கண்ணாலும் கையாலும் பகிடி விடும். அதைக் கண்டு மகிழ்வதும் செவிகொடுப்பதே.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு கொப்பி வாங்குவோம். பிள்ளை சொன்ன புதுச்சொல்லை, கேட்ட கேள்வியை, செய்த குழப்படியைத் திகதியும் வயதும் இட்டு எழுதுவோம். திருத்தாமல், பிள்ளை சொன்னபடியே எழுதவேண்டும். எழுதத் தெரியாத அம்மம்மா சொல்ல, பாடசாலை செல்லும் அக்கா எழுதலாம். பிள்ளையின் பேச்சு வளர்ச்சி பற்றி வைத்தியர் கேட்டாலும் இக்கொப்பி கைகொடுக்கும்.

2. பிழையைச் சுட்டாமல் சரியானதைச் சொல்லுவோம். “அப்பா வானான்” என்றால், “ஓமோம், அப்பா வந்திட்டார், மாம்பழமும் கொண்டு வந்திட்டார்” என்று பதில் சொன்னால் போதும். பிள்ளை தானாகவே திருந்திக்கொள்ளும்.

3. கேள்விக்கு விடை தெரியாவிட்டால், “எனக்கும் தெரியாது, பார்ப்பம் வா” என்போம். பிள்ளையின் முன் அறியாமையை ஒப்புக்கொள்வதால் எமது மதிப்புக் குறையாது.

4. சிரிப்பு வந்தால் சிரிப்போம். சிரித்தபின் பிள்ளை சொன்னதற்குப் பதிலும் சொல்லுவோம். பதில் இல்லாத சிரிப்பே பிள்ளையை நோகச்செய்கின்றது.

5. தகப்பன்மார் இதில் பங்குபற்றவேண்டும். தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியபின் பத்து நிமிடம் பிள்ளையின் கதையைக் கேட்பது களைப்பைக் கூட்டாது, குறைக்கும்.

6. முன்பள்ளி ஆசிரியர்களும் கேட்பார்களாக. ‘எண்டு’ என்று சொன்ன பிள்ளையை ‘என்று’ எனத் திருத்துவதற்கு முன், அது சொல்ல வந்த செய்தி என்ன என்று கேட்டறிவது நல்லது. செந்தமிழ் பின்னர் வரும். பேசும் துணிவு போய்விட்டால் திரும்பக் கொண்டுவருவது கடினம்.

7. பிள்ளை இல்லாதோரும், திருமணமாகாதோரும், அயலவரும் இதில் பங்காளிகளே. பெற்றோர் கூலிக்குப் போயிருக்கும் வேளையில் வேலிக்கு அப்பாலிருந்து “என்ன குஞ்சு?” என்று கேட்கும் ஒரு பெரியம்மா போதும்.

ஐந்து வயதோடு இந்த மழலை போய்விடும். ‘வானான்’ என்று சொன்ன பிள்ளை ஒருநாள் ‘வந்தான்’ என்று சொல்லும். நிலாவும் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடும். அது வளர்ச்சி, தடுக்கத் தேவையில்லை. ஆனால் அந்த வயதில் தன் சொல்லுக்குச் செவிகொடுத்தவர்களைப் பிள்ளை மறப்பதில்லை. பதினாறு வயதில் பெரிய சிக்கல் ஒன்று வரும்போது அவர்களிடம்தான் அது வந்து வாய் திறக்கும்.

கலந்துரையாடுவோம்

(கிராம மட்டக் குழுக்களுக்கு)

1. உங்கள் பிள்ளை அல்லது பேரப்பிள்ளை அண்மையில் சொன்ன ஒரு வேடிக்கையான சொல்லை நினைவுகூருங்கள். அதற்குள் இருந்த சிந்தனை என்ன?

2. சிறுவயதில் நீங்கள் பேசியபோது கேட்டு மகிழ்ந்தவர் யார்? அடக்கியவர் யார்? அது உங்களை எவ்வாறு பாதித்தது?

3. கடன், குடும்பச் சண்டை போன்றவற்றைப் பிள்ளைகள் முன்னிலையில் பேசும்போது அவர்கள் எதை விளங்கிக்கொள்கின்றார்கள்?

4. எமது கிராமத்தில் இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளைகள் உள்ளார்களா? அக்குடும்பங்களுக்கு நாம் எவ்வாறு துணைநிற்கலாம்?